உபயம்: பெ. நாச்சிமுத்து

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்குப் போகிற சாலையில் என் டீக்கடைக்கு எதிரே ஒரு பட்டறை இருக்கிறது. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஆனாலும் மலையிலிருந்து புகைந்துகொண்டு இறங்குகிற ஜீப்புகள் நேராக அங்கேதான் வந்து நிற்கும். பட்டறைக்காரி தெய்வானைக்கு வயது முப்பத்து நான்கு. அவளுடைய சீடர் நாச்சிமுத்துவுக்கு அறுபத்து நான்கு.

சீடர் என்று நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொண்டார். நாற்பது வருடம் ஜவுளிக்கடை நடத்தியவர் அவர். கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, ஒரு நாள் காலையில் வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு பட்டறை வாசலில் வந்து நின்றார். சின்ன வயதிலிருந்தே என்ஜின் என்றால் உயிர் என்றும், துணி கிழித்தே காலம் போய்விட்டது என்றும், இனியாவது கற்றுக்கொடுக்க வேண்டும் என்றும் கேட்டார். தெய்வானை தட்டிலிருந்த வாழைப்பழம் ஒன்றை உரித்து, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு கிரீஸ் துடைக்கிற துணி ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

நாச்சிமுத்து தங்கமான மனிதர், தாராளக் கை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் கொடுத்ததில் எல்லாம் பெயர் இருந்தாக வேண்டும் அவருக்கு. பஸ் நிறுத்தத்து சிமெண்ட் பெஞ்சு, பள்ளிக்கூடத்து மின்விசிறி, சுடுகாட்டுத் தண்ணீர்த் தொட்டி, எங்கே பார்த்தாலும் "உபயம்: பெ. நாச்சிமுத்து" என்று இருக்கும். மாரியம்மன் கோயிலுக்கு அவர் கொடுத்த டியூப்லைட்டில் பெயர் எழுதியது போக மிச்சமிருந்த இடத்தில்தான் வெளிச்சம் வந்தது. மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதச் சொல்லிவிட்டு, சுற்றும்போது படிக்க முடியவில்லையே என்று என் கடையில் உட்கார்ந்து ஒரு வாரம் வருத்தப்பட்டார்.

பட்டறையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆன பிறகு அவர் தெய்வானையிடம் கேட்டார்.

"ஏன் அம்மிணி, ஒரு போர்டு வெச்சா என்ன? நானே எழுதித் தாரேன்."

"எதுக்குங்க மொதலாளி?"

"செஞ்ச வேலையில செஞ்சவங்க பேரு எங்கியாச்சும் இருக்கோணுமல்ல? உம்பேரு எங்க இருக்குது?"

தெய்வானை ஒரு வண்டிக்குக் கீழே குனிந்தாள்.

"அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க" என்றாள்.

அவர் எடுத்துக் கொடுத்தார். கேள்வி அப்படியே நின்றுபோனது.

அடுத்த வாரம் மலையிலிருந்து சீரங்கனின் ஜீப் வந்தது. வரும்போதே என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. சூடு ஆறியதும் தெய்வானை ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். சாம்பார் வாசனை சாலையைத் தாண்டி என் கடைவரைக்கும் வந்தது. சீரங்கன் தலையைச் சொறிந்துகொண்டே உண்மையைச் சொன்னான். தண்ணீர் எங்கேயோ ஒழுகியதாம், யாரோ மஞ்சள் தூள் போட்டால் அடைபடும் என்றார்களாம், கால் கிலோ போட்டானாம். நின்றதா என்று கேட்டதற்கு, ரெண்டு நாள் நின்றது என்றான். அடுத்து மிளகுத் தூள் போடுவதாக இருந்தாயா என்று தெய்வானை கேட்டாள். அவன் மறுபடியும் தலையைச் சொறிந்தான்.

விளையாட்டுப் பேச்சு அதோடு முடிந்தது. சீரங்கனின் மகள் பொன்னுருவிக்கு ஒன்பதாம் மாதம். பத்து நாளில் பிரசவம் என்று நர்சம்மா நாள் குறித்திருந்தாள். அவன் ஊருக்குப் போகிற கடைசி மூன்று மைல் மண் பாதையில் அந்த ஜீப் ஒன்றுதான் ஏறும். வலி எடுத்தால் அதில்தான் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அவளை ஆஸ்பத்திரி சேர்க்க வேண்டும். நடுவழியில் என்ஜின் கொதித்து நின்றால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சீரங்கனின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

தெய்வானை விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, வட்ட வட்டமாகக் கிண்ணம் போன்ற தகர மூடிகள் அடித்திருக்கும். பட்டறையில் அதை டம்மி என்பார்கள். அதில் ஒன்று துரு ஏறி, வேர்த்த நெற்றி மாதிரி ஈரமாக இருந்தது. மொத்தம் ஐந்து மூடி, ஐந்தையும் மாற்ற வேண்டும் என்றாள்.

மூடி மாற்றுகிற வேலையைத் தானே தனியாகச் செய்யட்டுமா என்று நாச்சிமுத்து கேட்டார். அதுதான் அவர் கேட்ட முதல் தனி வேலை. தெய்வானை சீரங்கனைப் பார்த்தாள். சீரங்கன் நாச்சிமுத்துவின் நரைத்த தலையைப் பார்த்து, அனுபவசாலி என்று நினைத்துச் சரி என்று தலையாட்டிவிட்டு, மகளுக்குத் துணையாக மதிய பஸ்ஸில் மலையேறினான்.

வேலை தொடங்கியது. மூடியின் ஒரு ஓரத்தில் பஞ்ச் என்கிற மொட்டை உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தால் அது கதவு மாதிரி உள்ளே திரும்பும். திரும்பிய விளிம்பைக் குறடால் பிடித்து வெளியே இழுத்துவிடலாம். பலமாக அடித்தால் உள்ளே விழுந்துவிடும், பிறகு எடுப்பது பெரும் பாடு. நாச்சிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார். முதல் மூடி வந்ததும் துருவும் சேறும் மஞ்சளுமாக ஒரு குழம்பு அவர் சட்டையில் கொட்டியது. அவர் சிரித்த சிரிப்பில் என் கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள்.

அந்த ஓட்டை அங்கே எதற்கு என்று அவர் கேட்டார். தெய்வானை சொன்னாள்:

"இரும்பை உருக்கி ஊத்தறப்ப உள்ள தண்ணி ஓடற எடத்துல மண்ணு வெச்சு ஊத்துவாங்க. ஆறுனதும் அந்த மண்ணு வெளிய வரோணுமல்ல? அதுக்குத்தான் ஓட்டை. மண்ணு வந்ததும் மூடியப் போட்டு அடிச்சிருவாங்க."

பக்கவாட்டில் மூன்றும் முன்னால் ஒன்றும் மாலைக்குள் வெளியே வந்துவிட்டன. ஐந்தாவது பின்னால், என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். நாச்சிமுத்துவுக்கு இடுப்பு வலித்தது.

"பின்னாடி இருக்கறது ஒழுகவே இல்லியே அம்மிணி. யாரு கண்ணுலயும் படாத மூடி. அத விட்டுரலாமா?"

தெய்வானை முன்னால் கழற்றிய மூடியை எடுத்துக் கொடுத்தாள். அதுவும் ஒழுகாத மூடிதான். வெளிப்பக்கம் பழைய பெயிண்ட்கூட உரியாமல் பளபளவென்று இருந்தது. திருப்பி, உள்பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தச் சொன்னாள். அவர் லேசாகத்தான் அழுத்தினார். அது அப்பளத்தைத் துளைப்பது போலப் பொத்துக்கொண்டு மறுபக்கம் வந்தது.

நாச்சிமுத்து கியர் பாக்ஸுக்குக் கீழே போய்ப் படுத்தார். அதை இறக்க நானும் போய்க் கை கொடுத்தேன்.

மறுநாள் காலையில் புது மூடி வாங்க அவரே நாமக்கல் போனார். தகரம் வேண்டாம், துருப்பிடிக்காத பித்தளையே போடலாம், என் உபயமாக இருக்கட்டும் என்றார். நல்ல யோசனைதான். வாங்கியும் விட்டார். ஐந்தும் சின்னச் சின்னப் பித்தளைக் கிண்ணங்களாகப் பார்க்கவே ஆசையாக இருந்தன. அந்த ஆசைதான் அவரைக் கெடுத்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் பட்டறைக்கு வராமல் பழக்கதோஷத்தில் பாத்திரக்கடைக்குள் நுழைந்துவிட்டார்.

பாத்திரம் என்று ஒன்றை வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். பெயர் வெட்டாத டம்ளர் விசேஷ வீட்டுக்குப் போனால் திரும்பி வராது. ஆனால் என்ஜின் மூடிக்குப் பெயர் வெட்டியவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். ஏழு தலைமுறைக்கு அழியக் கூடாது, உளி வைத்து அழுத்தமாக வெட்டு என்று பக்கத்தில் உட்கார்ந்து வெட்டி வாங்கினார்.

பட்டறையில் பொட்டலத்தைப் பிரித்தபோது தெய்வானை ஒரு மூடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிண்ணத்தின் வெளிச்சுவரைச் சுற்றி "உபயம் பெ. நாச்சிமுத்து" என்று ஓடியது.

"எழுத்து நல்லாருக்குதுங்க. அடித்தட்டுல வெட்டாம ஏன் சுவர்ல வெட்டுனீங்க?"

"தட்டுல வெட்டுனா சுத்தியல் அடி பேரு மேலல்ல விழும்?"

"எல்லாத்துலயும் இருக்குதுங்களா?"

"அஞ்சுலயும்."

"செரி, அடிங்க" என்றாள்.

அவர் உப்புத்தாள் போட்டு ஓட்டைகளின் உள்விளிம்பைக் கண்ணாடி மாதிரித் தேய்த்தார். பசை தடவும்போது, கனமாகத் தடவினால் பெயர் மறைந்துவிடும் என்று மெலிசாகத் தடவினார். கிண்ணத்துக்குள் அடங்குகிற இரும்புத் துண்டை வைத்து நேராக அடித்தார். ஐந்தும் கோணாமல் உட்கார்ந்தன. கை வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கியர் பாக்ஸை ஏற்றலாமா என்று கேட்டார். தெய்வானை முதலில் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி அவளே நாலு அழுத்து அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முதல் மூடியின் ஓரத்தில் ஒரு முத்து உருண்டது. அடுத்து இரண்டாவதில் இரண்டு முத்து. ஐந்து மூடியிலும் தண்ணீர் கசிந்து வரிசையாகச் சொட்ட ஆரம்பித்தது.

நாச்சிமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது. நேராகத்தானே அடித்தேன் என்றார், பசை சரியில்லையோ என்றார், ஓட்டை தேய்ந்திருக்குமோ என்றார். தெய்வானை விளக்கை அவர் கையில் கொடுத்தாள்.

"எது வழியா வருதுன்னு பாருங்க."

அவர் தரையில் மண்டியிட்டு, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். மூடியின் சுவர்தான் ஓட்டையின் சுவரை ஒட்டிப் பிடிக்க வேண்டிய இடம். அங்கேதான் உளி வாய்க்கால் வெட்டியிருந்தது.

"எம்பேரு வழியா வருது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து சீரங்கன் போன் பண்ணினான். நர்சம்மா வந்து பார்த்தாளாம், குழந்தை கீழே இறங்கிவிட்டது, நாள் வரைக்கும் தாங்காது, வண்டியை இன்றே கொண்டுவந்து வாசலில் நிறுத்து என்றாளாம். நான் அஞ்சு மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறேன், வண்டி தயாராக இருக்குமா என்று கேட்டான். போனைப் பிடித்திருந்தவர் நாச்சிமுத்து. மணி அப்போது பன்னிரண்டரை. அவர் தெய்வானையைப் பார்த்தார், அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நாமக்கல் போய்த் திரும்புவதற்கே இரண்டு மணி நேரம் ஆகும். கல்யாணமாகி முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கிற ஒரு பெண்ணின் வழியில் என் பெயரைக் கொண்டுபோய் வைத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

தெய்வானை மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். உள்ளே ஐந்து பித்தளை மூடி இருந்தது. எதிலும் ஒரு கீறல் இல்லை.

"இத எப்ப வாங்குன அம்மிணி?"

"காலைல பாத்திரக்கடைக்காரர் போன் பண்ணாருங்க. மொதலாளி அஞ்சு சொப்புக் கிண்ணம் கொண்டாந்து பேரு வெட்டச் சொல்றாரே, எந்தக் கொழந்தைக்குன்னு கேட்டாரு. அப்பவே நாமக்கல் கடைக்குச் சொன்னேன், பஸ்ஸுல குடுத்து உட்டுட்டாங்க."

"அப்பவே தெரியுமா? அப்பறம் ஏன் அடிக்கச் சொன்ன?"

"நீங்க ஆசையா வெட்டிக் கொண்டாந்தீங்க."

நாச்சிமுத்து அவளை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துக்கொண்டே பஞ்சை எடுத்து, தன் பெயர் வெட்டிய மூடியின் ஓரத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தார். அப்படிச் சந்தோஷமாகத் தன் பெயரின் மேல் அடித்த மனிதரை நான் பார்த்ததில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் ஐந்தையும் எடுத்து, துடைத்து, புதுசை அடித்தார். இந்த முறை பசையை வெண்ணெய் மாதிரித் தடவினார். தெய்வானை முதுகைக் காட்டிக்கொண்டு வேறு ஏதோ வேலை செய்தாள். காது மட்டும் இங்கே இருந்தது. மூடி இறங்கும்வரை சுத்தியல் சத்தம் கணீரென்று கேட்கும், சரியாக உட்கார்ந்துவிட்டால் அமுங்கிவிடும். ஐந்து முறை சத்தம் அமுங்கியதும் அவள் திரும்பி வந்து பம்பை மாட்டினாள்.

ஆளுக்கு ஒரு டீயை வைத்துக்கொண்டு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஐந்து மூடியையும் பார்த்தோம். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு பொட்டு ஈரம் இல்லை. நாச்சிமுத்து விரலால் தடவித் தடவிப் பார்த்தார். காய்ந்த விரலை என்னிடம் நீட்டி நீட்டிக் காட்டினார். பேரன் பிறந்தபோதுகூட அந்த மனிதர் அப்படிப் பூரித்ததில்லை, நான்தான் அன்றைக்கும் அவருக்கு டீ கொடுத்தேன்.

கியர் பாக்ஸ் ஏறியது. ரேடியேட்டரில் இந்த முறை ஓடைத் தண்ணீருக்குப் பதில் பச்சைக் கூலன்ட் ஊற்றி, இனி மஞ்சள் குழம்புக்கு மட்டும்தான் என்று அஞ்சு மணி பஸ்ஸில் வந்திறங்கிய சீரங்கனிடம் தெய்வானை கண்டிப்பாகச் சொன்னாள். ஐந்தரை மணிக்கு அவன் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலை ஏறினான். நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டதாக அவன் போனில் சொன்னதோடு சரி, அப்புறம் அவனிடமிருந்து தகவல் இல்லை. அந்த ஊரில் போனுக்கு டவர் கிடைப்பது மழை பெய்வது மாதிரி, எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

நாலு நாள் நாச்சிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு வண்டியையும் சாலைக்கு வந்து பார்ப்பார். வண்டி என்ன ஆச்சோ, மூடி தாங்குச்சோ என்பார். கூடவே இன்னொன்றையும் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். பேர் வெட்டாவிட்டால் என்ன, சீரங்கன் வந்து நாலு பேர் முன்னால் நாச்சிமுத்து அடிச்ச மூடி, கல்லு மாதிரி நின்னுச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். பட்ட பிறகும் பழக்கம் போகுமா. தெய்வானையோ அவர் பெயர் வெட்டிய ஐந்து மூடியையும் நெளிவெடுத்து, அலமாரியில் கிண்ணங்களாக வரிசையாக வைத்து, அதற்குள் வாஷர்களைப் போட்டு வைத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் ஜீப் வந்தது. சீரங்கன் ஒரு தார் மலை வாழைப்பழத்தோடு குதித்து இறங்கினான். பேத்தி பிறந்திருந்தாள்.

அவன் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்துகிறவன் இல்லை. விடியற்காலையில் வலி எடுத்ததையும், அவன் பெண்டாட்டி எட்டுக்கை அம்மனை வளைவுக்கு ஒரு தரம் வேண்டிக்கொண்டு வந்ததையும் சொன்னான். நாற்பதாவது வளைவில் ஒரு பலாப்பழ வண்டி குறுக்கே நின்றதாம். அதை எல்லாரும் இறங்கித் தள்ளினார்களாம். ஒரு குரங்கு பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதாம், அந்த வலியிலும் பொன்னுருவி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாளாம். ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்து முக்கால் மணி நேரத்தில் குழந்தை. மூணு கிலோ. காது அப்படியே அவன் அம்மா காது. அழுகைச் சத்தம் மூன்று வார்டுக்குக் கேட்டதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தான், நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். என் கடைக்கு டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் பட்டறையில்தான் இருந்தார்கள்.

நாச்சிமுத்து முன்வரிசையில் நின்று ஒவ்வொரு வளைவுக்கும் காத்திருந்தார். எழுபது வளைவும் முடிந்து, குழந்தையும் பிறந்து, காதும் முடிந்துவிட்டது. கடைசியில் அவரே வாய் திறந்து, வண்டி எப்படிப் போனது என்று கேட்டார்.

சீரங்கன் அவரைப் பார்த்து விழித்தான்.

"வண்டிங்களா?" என்றான். திரும்பி ஜீப்பை ஒரு முறை பார்த்தான். "வண்டி நெனப்பே வரலீங்களே மொதலாளி."

ஆளுக்கு நாலு பழம் கொடுத்துவிட்டு, பிள்ளைத் துணி வாங்க வேண்டும் என்று அவன் கிளம்பிப் போனான். கூட்டமும் கலைந்தது. நாச்சிமுத்து கையில் பழத்தோடு நின்ற இடத்திலேயே நின்றார்.

"நாலு நாளாக் காத்துக்கிட்டிருந்தேன் அம்மிணி. பலாப்பழத்தச் சொன்னான், கொரங்கச் சொன்னான். வண்டி அவனுக்கு நெனப்பே வரலையாமா."

தெய்வானை ஒரு வாழைப்பழத்தை உரித்தாள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப நல்லா அடிச்சிருக்கீங்க மொதலாளி" என்றாள்.